ஒரே கட்டடத்தில் இரண்டு படிப்புகள்: தொடக்கநிலை ஜெர்மனும் மருத்துவ ஆவண மேலாண்மையும்

வடசென்னையில், வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி, தன் வழக்கமான பட்டப்படிப்புகளோடு, வெளியாட்களும் சேரக்கூடிய இரண்டு குறுகிய காலப் படிப்புகளை நடத்துகிறது. ஒன்று தொடக்கநிலை ஜெர்மன், மற்றொன்று மருத்துவ ஆவண மேலாண்மை. இரண்டிலும் என் சொந்தப் பணத்தைக் கட்டிச் சேர்ந்து, இரண்டையும் முடித்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் கல்லூரியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வாக்குறுதிகள் அச்சிட்ட துண்டறிக்கைகளை வேறு இரண்டு இடங்களிலும் வாங்கிப் பார்த்திருப்பதால், எங்கே சேர நினைப்பவருக்கும் இது ஓரளவு பயன்படும் என்றே நினைக்கிறேன்.

இராயபுரத்தில் ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் அக்கா மகள் செவிலியர் பட்டம் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகவேண்டும் என்று நினைப்பவள். அவளைச் சேர்த்துவிடத்தான் போனேன்; அலுவலகத்தில் கொடுத்த துண்டறிக்கையில் "மருத்துவ ஆவணம் + ஜெர்மன் = வெளிநாட்டு வேலை" என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, அவளை ஜெர்மனிலும் என்னை இரண்டிலும் சேர்த்துக்கொண்டு திரும்பினேன். ஜெர்மனுக்கு 6,000 ரூபாய், ஆவண மேலாண்மைக்கு 14,000 ரூபாய். ஜெர்மன் சனி, ஞாயிறு காலைகளில் இரண்டிரண்டு மணி நேரமாகப் பதினெட்டு வாரங்கள் நடந்தது. மற்றது வார நாள்களில் மாலை ஆறு முதல் எட்டு வரை ஆறு மாதங்கள் நடந்தது. அந்தக் கூட்டல் கணக்கு சரியா என்பதைப் பின்னால் பார்க்கலாம். முதலில் வகுப்புகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெர்மன் வகுப்பின் பெரிய பலம் அதன் ஆசிரியை. பாடநூல் ஆங்கிலம் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது; அவரோ முக்கியமான இடங்களையெல்லாம் தமிழ் வழியாகவே விளக்கினார். ஜெர்மனில் உயிரொலியின் நீளம் பொருளை மாற்றிவிடும். 'ஷ்டாட்' என்று நீட்டினால் அரசு, 'ஷ்டட்' என்று குறுக்கினால் நகரம். ஆங்கில வழியில் படித்தவர்கள் இதில் தடுமாறுவார்கள் என்று சொன்ன அவர், குறில் நெடில் படித்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு சொற்களையும் பலகையில் தமிழில் எழுதிக் காட்டினார். அதே தமிழ் எழுத்து இன்னோரிடத்தில் என்னைக் கவிழ்த்தது. என் குறிப்பேடு முழுவதையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவந்ததில், தோட்டமும் சீட்டுகளும் இரண்டுமே 'கார்ட்டன்' என்று ஒரே சொல்லாகிவிட்டன. ஒன்றில் 'கங்கை' என்பதன் முதல் ஒலி, மற்றொன்றில் 'கல்' என்பதன் முதல் ஒலி. மூன்றாவது வாரத்திலேயே ரோமன் எழுத்துக்கு மாறும்படி அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஏழாவது வாரத்தில்தான் மாறினேன்.

ஜெர்மன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று நிற்கவேண்டும்: ஆண்பால், பெண்பால், இரண்டுமற்றது. எந்தச் சொல்லுக்கு எது என்பதற்கு முழுமையான விதி கிடையாது என்பதால், சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 'டேய்' என்றால் பையன், அதனால் டேர். 'வாடீ' என்றால் பெண், அதனால் டீ என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, வகுப்பு முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. ஆசிரியை முதலில் முகம் சுளித்தாலும், தேர்வில் எல்லோரும் அதை வைத்தே தப்பித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. சூரியன் பெண்பால், நிலா ஆண்பால் என்று வந்தபோது எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் குழந்தையும் சிறுமியும் 'டாஸ்' என்று வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 'குழந்தை அழுதது' என்று அஃறிணை முடிவு கொடுக்கிற நாம்தான் அதை எளிதாக ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள். நம்முடைய வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டுகிறது, அவர்களுடையது சொல்லின் முன்னாலுள்ள அந்தத் 'தலைப்பாகை'யில் மாறுகிறது என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. 'பையன்' 'பையனை' ஆகும்போது அங்கே 'டேர்' 'டேன்' ஆகிறது; ஆண்பால் ஒருமையில் மட்டும்தான் இந்த மாற்றம், பெண்பாலும் இரண்டுமற்றதும் அப்படியே நிற்கின்றன.

வாக்கிய அமைப்பைப் பற்றிய இரண்டு வகுப்புகளே இந்தப் படிப்பில் மிகச் சிறந்தவை. சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கிறது; ஆனால் 'என்னால் ஜெர்மன் பேச முடியும்' என்று சொல்லும்போது 'முடியும்' என்பது இரண்டாம் இடத்துக்கும் 'பேச' என்பது வாக்கியத்தின் கடைசிக்கும் போய்விடுகின்றன: 'இஹ் கான் டாய்ச் ஷ்ப்ரெஹன்'. வந்துசேர்தல் என்பதற்கான 'ஆன்கொம்மன்' என்ற சொல் இரண்டாகப் பிளந்து, அதன் முதல் பாதி வாக்கியத்தின் வாலுக்கு ஓடிவிடுகிறது. 'டேர் ட்ஸூக் கொம்ட் உம் ஆஹ்ட் ஊர் ஆன்' என்றால் ரயில் எட்டு மணிக்கு வந்துசேரும் என்று பொருள். கடைசியில் வரும் அந்த 'ஆன்' காதில் விழாவிட்டால் ரயில் வருகிறது என்பது வரைக்கும்தான் நமக்குத் தெரியும். வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் கேட்பது தமிழருக்குப் பழக்கம்தானே என்று ஆசிரியை சொன்னார். எண்களும் அப்படித்தான், இன்னும் விசித்திரமாக: இருபத்தொன்று என்பது அவர்களுக்கு 'ஐன்-உன்ட்-ட்ஸ்வான்ட்ஸிஹ்', அதாவது ஒன்றும் இருபதும். தொலைபேசி எண்ணைச் சொல்லக் கேட்டு எழுதும்போது முதலில் கேட்டதைப் பின்னாலும் பின்னால் கேட்டதை முன்னாலும் எழுதவேண்டும். இந்தத் தலைகீழ் எண்ணை நான் வேறோர் இடத்தில் மறுபடியும் சந்தித்தேன்.

குறைகள். கேட்டல் பயிற்சிக்காக வைத்திருக்கும் அறை சாலையை ஒட்டியே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஒலி எழுப்பும்போது, ஒலிப்பதிவில் ஜெர்மன்காரர் சொல்லும் விலையும் நேரமும் கரைந்துபோகின்றன. காது மூடும் ஒலிக்கருவிகளில் பாதிதான் வேலை செய்தன. பாடநூல் பழையது: அதில் செவிலியருக்கு இன்னும் 'க்ராங்கன்ஷ்வெஸ்டர்' என்றே இருக்கிறது. ஜெர்மனியில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செவிலியர் தொழில் சட்டத்துக்குப் பிறகு 'ஃப்ளேகஃபாக்ஃப்ரௌ', 'ஃப்ளேகஃபாக்மான்' என்பவையே முறையான தொழிற்பெயர்கள். செவிலியர் வேலைக்குப் போவோரைக் குறிவைத்து விளம்பரம் செய்யும் ஒரு வகுப்பில் இது சிறிய பிழை அல்ல. இன்னொன்று என் சொந்த வருத்தம். வண்ணாரப்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேப்பேரியில் வாழ்ந்த ஃபாப்ரிசியுஸ் என்ற ஜெர்மன் பாதிரியார், தமிழ் ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்து 1779-இல் அங்கேயே அச்சிட்டார். இன்னொரு ஜெர்மன் பாதிரியாரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் படித்ததும் நமக்குத் தெரிந்த கதை. பதினெட்டு வாரங்களில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மாறாக, பெர்லின் சுவரின் படம் நான்கு முறை வந்தது.

இப்போது அந்தக் கூட்டல் கணக்கு. ஐரோப்பிய மொழித்தரப் பட்டியலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். இந்தக் கல்லூரி கற்றுக்கொடுப்பது முதல் படியான ஏ1. வெளிநாட்டுச் செவிலியர் ஒருவரின் தகுதி ஜெர்மனியில் முழுமையாக ஏற்கப்பட வழக்கமாகக் கேட்கப்படுவது நான்காம் படியான பி2. நம்மவர் பலர் மாக்ஸ் முல்லர் பவன் என்றே அழைக்கும், ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோத்தே இன்ஸ்டிட்யூட், ஏ1 நிலைக்கே நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகளாக 80 முதல் 200 வரை தேவைப்படலாம் என்கிறது. கல்லூரி தரும் 72 மணி நேரம் 96 பாடவேளைகள், அதாவது கீழ் எல்லையை ஒட்டியது. வகுப்பு முடிவில் கல்லூரி தருவது கல்லூரியின் சான்றிதழ் மட்டுமே. கோத்தே தேர்வை நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டிலுள்ள அந்த நிறுவனத்துக்குப் போய்த் தனிக் கட்டணம் கட்டித்தான் எழுதவேண்டும், அதில் நூற்றுக்கு 60 வாங்கவேண்டும். துண்டறிக்கையில் இது எங்கும் இல்லை. எங்கள் வகுப்பில் ஏ1 மட்டுமே போதுமானவராக இருந்தவர் ஒரே ஒருவர், கணவர் ஏற்கெனவே அங்கே வேலை செய்வதால் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவிருந்த ஒரு பெண். அவருக்கு இந்தப் படிப்பு கொடுத்த காசுக்கு முழு மதிப்பு. என் அக்கா மகளுக்கு ஆறு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் ஒரு கால் வைத்ததைப் போல. இதைச் சேரும்போதே சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்துதான் இருப்பாள். சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இருந்தாலும் தேர்வு வடிவத்துக்கு நல்ல பயிற்சி கொடுத்தார்கள். எழுதுதல் பகுதியின் முதல் வேலை ஒரு படிவத்தை நிரப்புவது: பெயர், பிறந்த தேதி, முகவரி, இன்னபிற. ஒன்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு இதையே நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பதால் அதில் மட்டும் முழு மதிப்பெண் வாங்கினேன். "சித்தி, இதுக்கு நீங்க வகுப்புக்கே வந்திருக்க வேணாம்" என்றாள் அக்கா மகள்.

மருத்துவ ஆவண மேலாண்மை வேறு மாதிரியான வகுப்பு. ஜெர்மனில் முப்பது பேர் என்றால் இங்கே பதினோரு பேர். பெரும்பாலோர் மருத்துவமனைகளில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள். ஆசிரியர், அரசு மருத்துவமனை ஒன்றில் ஆவண அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்டான்லி அரசு மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே இன்றும் சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவர், ஓ.பி. சீட்டு, கேஸ் ஷீட், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். நோயாளிக்குக் கேட்ட ஆவணத்தை 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பதும், உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பதும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறைகளிலேயே இருக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டியபோது, எங்களில் நால்வர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காகிதம் மருத்துவமனையுடையது, அதில் எழுதியிருக்கும் செய்தி நோயாளியுடையது என்ற ஒரு வாக்கியத்தை அவர் எட்டு வகுப்புகளிலாவது சொல்லியிருப்பார்.

இறப்புச் சான்றிதழைப் பற்றிய வகுப்பை மட்டும் கேட்பதற்காகவே கட்டணம் கட்டலாம். மரணத்தின் காரணத்தை மருத்துவர் எழுதிக்கொடுக்கும் படிவம் 4-இல், மேல் வரியில் உடனடிக் காரணமும் கீழே போகப்போக அதற்குப் பின்னாலுள்ள காரணமும் வரவேண்டும். கடைசி வரியில் நிற்பதே மூலகாரணம், புள்ளிவிவரத்துக்குப் போவதும் அதுதான். மேல் வரியில் 'இதயச் செயல் நின்றது' என்று எழுதிவிட்டு மற்ற வரிகளை வெறுமையாக விடுவது எல்லா இடங்களிலும் நடக்கிறது. "இதயம் நின்னாத்தான்மா சாவு. அது எப்படிக் காரணமாகும்?" என்று அவர் கேட்டுவிட்டு, சர்க்கரை நோய், அதனால் சிறுநீரகச் செயலிழப்பு, அதனால் உடலில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றது என்று ஒரு சங்கிலியைப் பலகையில் கீழிருந்து மேலே எழுதினார். அந்தச் சங்கிலியின் அடிக்கண்ணி எழுதப்படாமல் போனால், அந்த மனிதர் சர்க்கரை நோயால் இறந்தார் என்பது நாட்டின் எந்தக் கணக்கிலும் வராது. நான் தட்டச்சு செய்துகொடுத்த எத்தனையோ படிவங்கள் நினைவுக்கு வந்து, அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன்.

நோய்க்குறியீட்டுப் பாடமும் நன்றாகவே தொடங்கியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு கொடுக்கும் உலக நல்வாழ்வு அமைப்பின் ஐ.சி.டி.-10 மூன்று தொகுதிகளாக இருக்கிறது; மூன்றாம் தொகுதியின் அகரவரிசையில் தேடி, முதல் தொகுதியின் பட்டியலில் சரிபார்க்காமல் எந்தக் குறியீட்டையும் எழுதக்கூடாது என்பது முதல் விதி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஈ11. ஆனால் புள்ளிக்குப் பிறகு 2 வந்தால் சிறுநீரகப் பாதிப்பு, 3 வந்தால் கண், 9 வந்தால் சிக்கல் எதுவுமில்லை. கேஸ் ஷீட்டில் மருத்துவர் வெறும் 'சுகர்' என்று எழுதியிருந்தால் நாமாகச் சிறுநீரகத்தைச் சேர்க்கக்கூடாது, மருத்துவரிடம் போய்க் கேட்கவேண்டும். தெருநாய் கடித்து வந்தவருக்குக் காயத்துக்கு ஒரு குறியீடு, நாய்க்குத் தனியே டபிள்யூ54. இவை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் பாடத்திட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் அடுத்த பதிப்பான ஐ.சி.டி.-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் காலராவின் ஏ00 '1ஏ00' ஆகிவிட்டது, குறியீட்டின் கட்டமைப்பே வேறு. அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு மாலை. அதைவிட முக்கியமானது, துண்டறிக்கை ஆசைகாட்டும் 'மெடிக்கல் கோடிங்', அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை. சென்னையில் அந்த வேலையில் பெரும்பகுதி அமெரிக்க மருத்துவமனைகளுக்கானது. அங்கே 2015 அக்டோபர் முதல் பயன்படுவது ஐ.சி.டி.-10-சி.எம். என்ற, ஏழு இடங்கள்வரை நீளும் அமெரிக்கப் பதிப்பு. சிகிச்சை முறைகளுக்கு சி.பி.டி. என்ற தனிக் குறியீடு வேறு. இரண்டும் பாடத்திட்டத்தில் இல்லை. சரி, ஜெர்மனிக்காவது உதவுமா என்றால், அவர்கள் பயன்படுத்துவது ஐ.சி.டி.-10-ஜி.எம். என்ற தங்கள் சொந்தப் பதிப்பையும், அறுவைச் சிகிச்சைகளுக்கு ஓ.பி.எஸ். என்ற இன்னொரு பட்டியலையும். இரண்டு படிப்புகளையும் கூட்டல் குறியால் இணைத்து விளம்பரம் செய்யும் கல்லூரியில், ஜெர்மன் ஆசிரியைக்கு ஆவணப் படிப்பின் பாடத்திட்டம் தெரியவில்லை, ஆவண ஆசிரியருக்கு ஜெர்மன் வகுப்பு எந்த நாளில் நடக்கிறது என்பதே தெரியவில்லை. மின்னணு ஆவணத்தைப் பற்றிய பாடம் முழுவதும் படக்காட்சியாகவே போனது. 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண்ணைப் (ஒருவரின் மருத்துவ ஆவணங்களை இணைக்கும் அடையாள எண்) பற்றிச் சொன்னார்கள், ஆனால் பயிற்சிக்கென்று ஒரு மென்பொருள்கூடக் கணினியில் இல்லை.

புள்ளியியல் வகுப்பைப் பற்றி ஒரு வரி போதும்: ஐம்பது படுக்கைகள், முப்பது நாள், ஆக 1,500 படுக்கை நாள்; உள்நோயாளி நாள்கள் 1,200 என்றால் நிரம்பிய விகிதம் 80 சதவீதம் என்ற அளவில் அது தெளிவாகவும் போதுமானதாகவும் இருந்தது.

அடுக்கும் முறையைப் பற்றிய பாடம்தான் எனக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் மருத்துவமனையில் பதிவெண் வரிசைப்படியே கோப்புகளை அடுக்குகிறோம். புதிய எண்கள் எல்லாம் கடைசி அடுக்கில் வந்து சேர்வதால், காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு மூலையில்தான் இடித்துக்கொண்டு நிற்போம். பழைய அடுக்குகள் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. கடைசி இலக்க முறையில், 14-25-36 என்ற எண்ணைப் பின்னாலிருந்து படிக்கவேண்டும்: முதலில் 36-ஆம் பகுதிக்குப் போய், அதற்குள் 25-ஐத் தேடி, அதற்குள் 14-ஐ எடுக்கவேண்டும். 00 முதல் 99 வரை நூறு பகுதிகள்; அடுத்தடுத்து வரும் எண்கள் அடுத்தடுத்த பகுதிகளுக்குப் போய்விடுவதால் கோப்புகளும் ஆள்களும் சமமாகப் பரவிவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் பலருக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது. சனிக்கிழமைதோறும் ஒன்றும் இருபதும் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அன்றே பிடிபட்டது. கல்லூரி நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு வகையில், அந்தக் கூட்டல் குறி இந்த ஓரிடத்தில் மட்டும் வேலை செய்திருக்கிறது.

சேர விரும்புவோர் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். துண்டறிக்கையில் ஆவணப் படிப்பு 'டிப்ளமோ' என்றிருக்கிறது. எங்களுக்குக் கையில் வந்த தாளில் 'சான்றிதழ்ப் படிப்பு' என்றிருக்கிறது. இது ஏன் என்று கேட்டபோது, அச்சகத்தின் பிழை என்றார்கள். அடுத்த தொகுதிக்கான துண்டறிக்கையிலும் அதே பிழை இருக்கிறது. இரண்டாவது, ஏ1-க்குப் பிறகு ஏ2 நடத்துகிறார்களா என்பது. எங்களிடம் நடத்துவதாகச் சொன்னார்கள். பதினைந்து பேர் சேராததால் தொடங்கவில்லை. அக்கா மகள் இப்போது நுங்கம்பாக்கத்துக்குப் போய் ஏ2 படிக்கிறாள், அங்கே அவளை யாரும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை என்பதை இந்த ஆசிரியைக்கான பாராட்டாகவே எழுதுகிறேன். மருத்துவமனையில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள் ஆவணப் படிப்பில் தயங்காமல் சேரலாம். கோடிங் நிறுவனத்தில் வேலை தேடும் புதிய பட்டதாரிகள் அந்தப் பதினான்காயிரத்தை வேறு இடத்தில் செலவழிப்பது நல்லது.

எங்கள் மருத்துவமனையில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, நோயாளிகள் வரத்துக் குறைவாக இருக்கும் ஞாயிறு மதியங்களில் கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றிவருகிறேன். இதுவரை 00 முதல் 37 வரை முடிந்திருக்கிறது.